கம்பியில் பறக்கும் விமானம்: ரிங்மாஸ்டர் கிட்டைக் கட்டிப் பறக்கவிடும் முறை

ரேடியோ கிடையாது, ரிமோட் கிடையாது. உங்கள் கையில் ஒரு கைப்பிடி இருக்கும். அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் 60 அடி ஓடி, ஒரு மாதிரி விமானத்தின் இடது இறக்கைக்குள் நுழையும். நீங்கள் நடுவில் நின்று திரும்பிக்கொண்டே இருக்க, விமானம் செக்கைச் சுற்றும் மாடுபோல உங்களைச் சுற்றி வரும். கைப்பிடியை மேலே சாய்த்தால் மூக்கு ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். இதற்குப் பெயர் கன்ட்ரோல் லைன்.

1940களில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்து ஜிம் வாக்கர், ஃபயர்பால் என்ற கிட் (பாகங்களாக வாங்கி நாமே கட்டும் தொகுப்பு) மூலம் இதை 'யு-கன்ட்ரோல்' என்று பரப்பினார். அவருக்கு முன்பே ஓபா செயின்ட் கிளேர் என்பவர் இதே முறையில் பறக்கவிட்டிருந்தார். அதை வைத்து 1950களில் வாக்கரின் காப்புரிமை நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. உங்களுக்கு நான் சொல்லப்போகும் கிட்டும் அந்தக் காலத்ததுதான்: ஸ்டெர்லிங் நிறுவனத்துக்காக மேத்யூ கேனியா வடிவமைத்த ரிங்மாஸ்டர். இறக்கை நீளம் 42 அங்குலம். இன்றும் ஆண்டுதோறும் அக்டோபரில் பல ஊர்க்காரர்கள் ஒரே வாரயிறுதியில் ரிங்மாஸ்டரை மட்டும் பறக்கவிட்டு, மொத்தம் எத்தனை பறப்பு என்று கணக்கெடுக்கிறார்கள்.

புதியவருக்கு ரிங்மாஸ்டரைச் சொல்லக் காரணம் உண்டு. உடல் என்பது பால்சா என்ற லேசான மரத்தாலான ஒரே ஒரு பலகை. உடைந்தால் அன்று மாலையே ஒட்டிவிடலாம். முதல் வருடத்தில் கட்டாயம் உடையும்.

தொடங்கும் முன் ஒன்று

இந்த விமானத்தைக் காப்பாற்றுவது கம்பியின் இழுவிசைதான். கம்பி விறைப்பாக இருக்கும்வரை உங்கள் கை சொல்வது விமானத்துக்குப் போய்ச் சேரும். தொய்ந்த கணத்தில் அது யார் சொல்லையும் கேட்காது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதை மனதில் வையுங்கள்.

இறக்கை

வரைபடத்தை நேரான பலகையில் விரித்து, மேலே மெழுகுத்தாள் போட்டு, ஸ்பாரை, அதாவது இறக்கையின் நீளவாட்டில் ஓடும் குச்சியை, குண்டூசியால் நிறுத்துங்கள். ரிப்களை, அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளை, ஒவ்வொன்றாக வைத்து மூலைமட்டத்தால் சரிபார்த்து ஒட்டுங்கள். சாதாரண மரப்பசை போதும். பழைய கிட்களில் அச்சால் வெட்டிய பாகங்களின் ஓரம் நசுங்கியிருக்கும், அவற்றை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். இப்போது வரும் லேசர் வெட்டு கிட்களில் இந்த வேலை இல்லை. முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முறுக்கு தெரிந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். துணி ஒட்டிய பிறகு அது பெரும் பாடு.

வலது இறக்கையின் நுனியில் 25 கிராம் அளவு ஈயம் வைத்து மூட வேண்டும். இடது பக்கம் கம்பிகளின் எடை தொங்குவதால் இந்த ஈடு தேவை.

பெல்கிராங்க்: இங்கே அவசரம் வேண்டாம்

பெல்கிராங்க் என்பது முக்கோணத் தகடு. அதன் இரு முனைகளில் வெளியே போகும் கம்பிகள், மூன்றாம் முனையில் எலிவேட்டருக்கு (வாலில் மேலும் கீழும் அசையும் பலகை) போகும் தள்ளுகம்பி. இதைத் தாங்கும் பிளைவுட் துண்டை எபாக்சியால் (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் வலுவான பசை) ஒட்டுங்கள். விமானத்தின் முழுப் பாரமும் அந்த ஒரு போல்ட்டில்தான் நிற்கிறது. லாக்நட் போட்டு, தகடு தடங்கலின்றித் திரும்பும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

கம்பி நுழையும் துளையில் பிசிர் இருக்கிறதா என்று பஞ்சை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அந்தப் பிசிர் நாளை கம்பியையும் அறுக்கும். சின்ன பித்தளை வளையம் ஒன்றைச் செருகிவிட்டால் நிம்மதி.

தள்ளுகம்பிக்கு நடுவில் ஒரு தாங்கி கண்டிப்பாக வேண்டும். என் முதல் விமானத்தில் இதை விட்டுவிட்டேன். மேஜைமேல் எல்லாம் சரியாக வேலை செய்தது. காற்றின் அழுத்தம் எலிவேட்டர்மேல் விழுந்ததும், இழுக்கும்போது நேராக இருந்த கம்பி தள்ளும்போது வில்லாக வளைந்தது. கை மேலே போனது, மூக்கு மேலே வரவில்லை. இரண்டாம் சுற்றுக்குள் மண்ணில் இறங்கிவிட்டது. அதைத் தடுத்திருக்கக்கூடியது ஒரு சிறு பிளைவுட் துண்டும் துளையும்தான்.

எலிவேட்டரின் கீல் எவ்வளவு இலகுவாக இருக்க வேண்டும்? தள்ளுகம்பியைக் கழற்றிவிட்டு விமானத்தைத் தூக்கினால், எலிவேட்டர் தன் எடையிலேயே தொங்க வேண்டும். பிறகு தள்ளுகம்பியை எலிவேட்டரில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பின் வெளித்துளையில் மாட்டுங்கள். அப்போது அசைவு குறையும், புதிய கைக்கு அது நல்லது. பழகிய பிறகு உள்துளைக்கு மாற்றலாம்.

எஞ்சின், டேங்க், துணி

எஞ்சின் தாங்கும் கடினமரக் கட்டைகளை எபாக்சியில் பதித்து, இருபுறமும் பிளைவுட் ஒட்டுங்கள். இந்த விமானத்துக்கு அந்தக் காலத்து இணை ஃபாக்ஸ் .35 எஞ்சின். அதற்கு 10×6 (விட்டம் 10 அங்குலம், பிட்ச் 6 அங்குலம்) ப்ரொப்பெல்லர் பொருந்தும். விளக்கெண்ணெய் தாராளமாகக் கலந்த எரிபொருளையே அதற்கு ஊற்றுங்கள், எண்ணெய் குறைந்தால் தேய்ந்துபோகும். மூக்கைச் சற்றே வலப்புறம் திருப்பி வைப்பதும், ரடரை (வாலின் செங்குத்துப் பலகை) வலப்புறம் லேசாகச் சாய்ப்பதும் விமானம் வெளியே இழுத்துக்கொண்டிருப்பதற்காகத்தான்.

டேங்கின் உறிஞ்சுகுழாய் வலப்புற ஓரத்தில் இருக்க வேண்டும். சுற்றும்போது எரிபொருள் முழுக்க வெளிப்பக்கம் ஒதுங்கும், அங்கேதான் உறிஞ்ச முடியும்.

துணி ஒட்டுவது, அதை இறுக்கும் டோப் என்ற பூச்சைப் பூசுவது எல்லாம் பொறுமைக்குரிய சாதாரண வேலை. அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். மூன்று பூச்சுக்கு மேல் வேண்டாம், எடை ஏறும். மொத்த எடை 800 கிராம் அளவில் நின்றால் நல்லது. சமநிலைப் புள்ளி வரைபடத்தில் காட்டிய இடத்தில் அல்லது துளி முன்னால் இருக்கட்டும். பின்னால் போனால் யாராலும் அடக்க முடியாது.

மைதானத்தில்

முதலில் தலையை உயர்த்திப் பாருங்கள். மின்கம்பி கண்ணில் பட்டால் வேறு இடம் தேடுங்கள். நீங்கள் பிடித்திருப்பதும் உலோகக் கம்பிதான். இடி மின்னல் நாளிலும் இது கூடாது. பார்வையாளர்கள் வட்டத்துக்கு வெளியே தள்ளி நிற்கட்டும்.

0.015 அங்குலத் தடிமன் கொண்ட பின்னல் கம்பியை மாட்டி, விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, அதன் எடையைப்போல 10 மடங்கு விசையில் இழுத்துப் பாருங்கள். 800 கிராம் என்றால் 8 கிலோ. ஒரு சுற்றுக்கு 5 வினாடி எடுத்தால் வேகம் மணிக்கு 80 கி.மீ.யைத் தாண்டும், கையை இழுக்கும் விசை 2 கிலோவுக்கு மேல் இருக்கும். கைப்பிடியின் நாடாவை மணிக்கட்டில் மாட்டாமல் ஒருபோதும் பறக்கவிடாதீர்கள்.

அடுத்து, கைப்பிடியை மேலே சாய்த்து எலிவேட்டர் மேலே வருகிறதா பாருங்கள். ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் பாருங்கள். கம்பி மாறி மாட்டியதால் நொறுங்கிய விமானங்களுக்குக் கணக்கே இல்லை.

ப்ரொப்பெல்லரை விரலால் சுற்றாமல் குச்சியால் சுற்றுங்கள். மெத்தனால் தீப்பிடித்தால் வெயிலில் சுவாலை தெரியாது. கேனைத் தள்ளி வையுங்கள். முதல் நாளில் அரை டேங்க் போதும். வேகத்தைக் குறைக்க வழியில்லை, எரிபொருள் தீரும்வரை பறந்தே ஆக வேண்டும்.

காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள், விமானம் உங்கள் முன்னால் இருக்கும். காற்று அதை வெளியே தள்ளும், கம்பி விறைக்கும். உதவியாளர் தள்ளாமல் கையை விடட்டும். விமானம் இடஞ்சுழியாகப் போகும். தானாகவே தரையை விட்டு எழட்டும், கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

மணிக்கட்டை விறைப்பாக வைத்து, தோளிலிருந்து முழுக் கையையும் அசையுங்கள். முதல் மூன்று பறப்புக்கு இது ஒன்றே போதும். மணிக்கட்டு பதறினால் விமானம் அலைபோல ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் அதிகம் ஏறி, அதிகம் இறங்கும். தலை சுற்றாமலிருக்க பின்னால் ஓடும் மரங்களைப் பார்க்காமல் விமானத்தை மட்டும் பாருங்கள். தோள் உயரத்தில் வைத்திருங்கள். காற்றை எதிர்கொள்ளும் பக்கத்தில் கம்பி இலேசாகும். தொய்வதுபோல் உணர்ந்தால் யோசிக்காமல் இரண்டடி பின்னால் வையுங்கள்.

எஞ்சின் நின்றதும் ஒரு அமைதி வரும். அப்போதும் மெல்லப் பின்னால் நடந்து கம்பியை விறைப்பாகவே வையுங்கள். தரை நெருங்கும்போது மூக்கைச் சற்றே உயர்த்தினால் சக்கரத்தில் உருளும்.

இறக்கையில் வழிந்த விளக்கெண்ணெயைத் துடையுங்கள். கம்பிகளை உருளையில் சுற்றும்போது பஞ்சைப் பிடித்து ஓடவிடுங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும், ஒரு மடிப்பு விழுந்திருந்தாலும், அந்தக் கம்பியை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிய கம்பி மாட்டுங்கள்.