அரைப் புள்ளி கைநழுவும் இடங்கள்

ஹட்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சதுரங்கப் போட்டி, கடைசிச் சுற்று. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், மேசையில் ஆறிப்போன பிளேன்டீ. எனக்குக் கறுப்புக் காய்கள், ஒரு சிப்பாய் குறைவு. கோட்டையால் செக் வைத்துக்கொண்டே இருந்தேன். ஒரே நிலை மூன்றாவது தடவையும் வந்தது. காயை வைத்துக் கடிகாரத்தையும் அமுக்கிவிட்டு, "ட்ரோதானே?" என்றேன்; ஆட்டம் சமன், ஆளுக்கு அரைப் புள்ளி என்ற நினைப்பில். நடுவர் இல்லையென்று தலையாட்டினார்.

தவறு என்னுடையதுதான். நாம் ஆடப்போகும் நகர்வால் மூன்றாவது தடவை வருமென்றால், அதை முதலில் ஸ்கோர் ஷீட்டில் எழுதி, காயைத் தொடாமல் நடுவரைக் கூப்பிட வேண்டும். எதிராளியின் நகர்வால் வந்திருந்தால் நம் முறையில் அப்படியே ட்ரோ கோரலாம். காயைத் தொட்டால் அந்த முறைக்குக் கோரும் உரிமை போச்சு. கடிகாரத்தை அமுக்கியபின் உரிமை எதிராளிக்கு. சிப்பாய் கூடுதலாக வைத்திருப்பவர் ஏன் கோரப்போகிறார்?

மூன்று செக் வைத்தாலே ட்ரோ என்று நம்புகிறவர்கள் நம் பக்கம் நிறைய. எண்ண வேண்டியது நிலையை: அதே காய்கள், அதே இடங்கள், அதே ஆளின் முறை. அடுத்தடுத்து வரவும் தேவையில்லை. நடுவர் தானாகவே நிறுத்துவது ஐந்தாவது தடவையில்தான். பிழையாகக் கோரினால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். சிப்பாய் நகராமல், வெட்டும் இல்லாமல் ஆளுக்கு 50 நகர்வு போனாலும் நாம்தான் கோர வேண்டும். 75 ஆனால் நடுவர் முடிப்பார். அதனால் நேரம் குறைந்தாலும், அனுமதி இல்லாமல் நகர்வுகளை எழுதுவதை விட்டுவிடாதீர்கள்.

ட்ரோ கேட்பதற்கும் முறை உண்டு. நகர்த்து, கேள், பிறகு கடிகாரத்தை அமுக்கு. எதிராளி யோசிக்கும்போது கேட்பதும், மறுத்த ஆளிடம் திரும்பத் திரும்பக் கேட்பதும் தொந்தரவு. பஸ் போய்விடும் என்று வெல்லும் ஆட்டத்தில் கைகொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.

சரி, என் ஆட்டம். எதிராளி வழி மாறினார், கோட்டைகள் வெட்டுப்பட்டன. கடைசியில் அவர் ராஜா இ5 கட்டத்தில், சிப்பாய் இ6இல், என் ராஜா இ7இல், என் முறை. இங்கே பலர் பதறி மூலைவிட்டமாக ஒதுங்குவார்கள். உடனே அவர் ராஜா நேரெதிரே வந்து நிற்கும், சிப்பாய் ராணியாகிவிடும். நேராகப் பின்வாங்க வேண்டும். இ8க்குப் போனேன். அவர் ராஜா டி6, என் ராஜா டி8. சிப்பாயைத் தள்ளிச் செக் வைத்தார், மறுபடி இ8க்கு வந்தேன். சிப்பாயை விடக்கூடாதென்று ராஜாவை இ6இல் வைத்தார். எனக்குச் செக்கும் இல்லை, நகர ஒரு கட்டமும் இல்லை. அதுவும் ட்ரோதான்.