பகலில் நம்பாட், இரவில் பில்பி: டிரையாண்ட்ரா காட்டுக்கு முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் ராட்னெஸ்ட் தீவுக்குப் போய் குவாக்கா என்ற சிறு விலங்குடன் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, இந்த நாட்டின் விலங்குகளைப் பார்த்துவிட்டதாக மனநிறைவுடன் ஊர் திரும்பிவிடுகிறார்கள். குவாக்காவின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆயினும், பெர்த்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவில், கோதுமை வயல்களுக்கு நடுவே துண்டு துண்டாக எஞ்சி நிற்கும் டிரையாண்ட்ரா காட்டில் ஒரு பகலையும் ஓர் இரவையும் கழித்தால், ஒரு காலத்தில் இக்கண்டத்தின் பெரும்பகுதியில் வாழ்ந்து இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கும் பைப்பாலூட்டிகளை, அதாவது கங்காருவைப் போல் வயிற்றுப் பையிலோ மடியிலோ குட்டி வளர்க்கும் விலங்குகளை, மிக அருகில் காண முடியும். முதன்முறை செல்வோர் இப்பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்பதை, நான் செய்த தவறுகளையும் சேர்த்து, படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

டிரையாண்ட்ராவில் பார்க்க வேண்டியவை இரு வகை. ஒன்று, திறந்த காட்டில் பகலில் நடமாடும், கறையான் தின்னும் சிறு விலங்கான நம்பாட். மற்றொன்று, அதே காட்டுக்குள் வேலியிடப்பட்ட பார்னா மியா காப்பகத்தில் இரவில் வெளிவரும் பில்பி, வாய்லி, பூடி, மாலா போன்ற சிறு பைப்பாலூட்டிகள். 'பார்னா மியா' என்பதற்கு அப்பகுதியின் மூத்த குடிகளான நூங்கார் மக்களின் மொழியில் விலங்குகளின் வீடு என்று பொருள். பலர் இரவுச் சுற்றுலாவுக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு, "நம்பாட்டைக் காட்டவே இல்லையே" என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். நம்பாட் இருட்டியதும் மரப்பொந்துக்குள் உறங்கப் போய்விடும் விலங்கு என்பதால், அதைத் தேடப் பகலை ஒதுக்கித்தான் ஆக வேண்டும். எனவே குறைந்தது ஓர் இரவு தங்கும்படி திட்டமிடுங்கள்.

படி 2: பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்

செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான வசந்த காலமே என் பரிந்துரை. வெயிலும் குளிரும் மிதமாக இருக்கும். காட்டுப் பூக்கள் மலர்ந்திருக்கும். நம்பாட் குட்டிகள் வளைக்கு வெளியே வந்து விளையாடத் தொடங்கும் காலமும் அதுதான். கோடையில் வெப்பம் கடுமையாக இருப்பதோடு, காட்டுத்தீ அபாயத்தால் தீ மூட்டுவதற்குத் தடையும் இருக்கும். குளிர்காலத்தில் போனால் இரவில் வெப்பநிலை சுழியம் பாகைக்கு அருகில் இறங்கிவிடும் என்பதை நினைவில் வைத்து, ஸ்வெட்டர், காதுக்குல்லா ஆகியவற்றைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள்.

படி 3: முன்பதிவும் தங்குமிடமும்

பார்னா மியாவுக்குள் தனியாக நுழைய முடியாது. வழிகாட்டியுடன் செல்லும் இரவுச் சுற்றுலாவுக்குக் கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்ய வேண்டும். வாரத்தின் எல்லா நாள்களிலும் அது நடப்பதில்லை. ஆகவே முதலில் சுற்றுலா நாளை உறுதி செய்துகொண்டு, பிறகு தங்குமிடத்தைப் பதிவு செய்யுங்கள். நான் ஒருமுறை இவ்வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, சுற்றுலா இல்லாத நாளில் போய் வானத்து நட்சத்திரங்களை மட்டும் எண்ணிவிட்டு வந்தேன். சுற்றுலா சூரியன் மறைந்த பிறகே தொடங்கும் என்பதால் அதன் நேரம் மாதந்தோறும் மாறும். டிசம்பரில் ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும். ஜூனில் ஐந்தரை மணிக்கு முன்பே மறைந்துவிடும். சிறு குழந்தைகளுடன் செல்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தங்குவதற்குக் காட்டின் நடுவே, பழைய வனத்துறைக் குடியிருப்பின் மரம்வெட்டிகள் வாழ்ந்த குடில்கள் இருக்கின்றன. கூடாரம் போடுவதற்கான முகாம்களும் உண்டு. இல்லையென்றால் அருகிலுள்ள நாரோஜின் ஊரில் விடுதி எடுக்கலாம். குடில்களையே நான் விரும்புவேன். விடிந்ததும் கதவைத் திறந்தால் வாசலிலேயே கங்காரு மேய்ந்துகொண்டிருக்கும்.

படி 4: வழியும் சாலையும்

பெர்த்திலிருந்து அல்பனி நெடுஞ்சாலையில் தெற்கே சென்று, நார்த் பேனிஸ்டரில் இடப்புறம் திரும்பி, வாண்டரிங் என்ற சிற்றூர் வழியாகப் போகலாம். பயணம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். காட்டுக்குள் கடையோ பெட்ரோல் பங்கோ இல்லை. கைப்பேசியில் சிக்னல் நம்பும்படியாக இருக்காது. தண்ணீர், உணவு, வரைபடம் மூன்றையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்டுச் சாலைகள் செந்நிறச் சரளைக்கல் சாலைகள். அக்கற்கள் கோலிக்குண்டு போல உருண்டையானவை. வளைவில் வேகமாகத் திரும்பினால் சக்கரம் அவற்றின் மீது வழுக்கிக்கொண்டு போகும். வேகத்தைக் குறைத்து ஓட்டுவதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் அடுத்த படியில் வருகிறது.

படி 5: பகலில் நம்பாட்டைத் தேடும் முறை

இந்தப் படியில்தான் பொறுமை தேவைப்படும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம்பாட் ஓர் அணிலைவிடப் பெரியது, பூனையைவிடச் சிறியது. எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். செம்பழுப்பு உடல், பின்முதுகில் குறுக்கே வெள்ளைப் பட்டைகள், கண்ணை ஊடறுத்துச் செல்லும் கறுப்புக் கோடு, அடர்ந்த வால். வயிற்றில் முறையான பை கிடையாது. குட்டிகள் தாயின் மடியில் காம்பைப் பற்றிக்கொண்டு தொங்கும். இதன் உணவு ஏறக்குறைய முழுவதும் கறையான்தான். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 கறையான்கள் வரை தின்னும்.

நம் வீட்டுக் கதவு நிலையைத் தின்னும் கறையானைத்தான் இது தின்கிறது என்பதை அறிந்தால், எங்கே எப்போது தேட வேண்டும் என்பதும் விளங்கிவிடும். நம்பாட்டுக்குக் கறையான் புற்றை உடைக்கும் வலு இல்லை. மண்ணின் மேற்பரப்பை ஒட்டிய சுரங்க வழிகளில் கறையான்கள் நடமாடும்போது மட்டுமே அது நிலத்தைக் கிளறி, நீண்ட நாக்கை உள்ளே விட்டு எடுக்கும். குளிர்காலத்தில் மண் சூடேறிய பிறகே கறையான்கள் மேலே வரும்; ஆகவே நம்பாட்டும் முற்பகல் முதல் நடுப்பகல் கடந்த நேரம் வரை மேயும். கோடையில் உச்சி வெயிலில் கறையான்கள் ஆழத்துக்கு இறங்கிவிடுவதால் காலையும் மாலையும்தான் அதற்கு உகந்தவை.

இதைத் தெரிந்துகொள்ளாமல், என் முதல் பயணத்தில் ஒரு ஜூலை மாதக் காலை ஆறரை மணிக்கே, பறவை பார்க்கப் போகிறவனைப் போல, பனியில் நடுங்கிக்கொண்டு காரைக் கிளப்பினேன். ஒன்பது மணி வரை சுற்றி எதையும் காணாமல் குடிலுக்குத் திரும்பிக் காபி போட்டுக் குடித்துவிட்டு, பதினொரு மணிக்கு மனமில்லாமல் மறுபடி புறப்பட்டபோது, குடிலிலிருந்து சிறிது தூரத்திலேயே, வெயில் விழுந்த ஒரு கட்டையின் மேல் பின்கால்களில் நிமிர்ந்து நின்றபடி அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செய்ய வேண்டியது இதுதான். கார்க் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மிகாமல் ஓட்டுங்கள். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்கட்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் தரையைப் பார்க்க வேண்டும். வாண்டூ எனப்படும் வெண்பட்டை யூகலிப்டஸ் மரங்கள் நிற்கும் இடங்களில் கவனம் கூடுதலாக இருக்கட்டும். வயதான வாண்டூ மரங்கள் உள்ளே பொந்து விழுந்தவை. அவற்றிலிருந்து விழுந்த கிளைகளும் பொந்துக் கட்டைகளாகவே தரையில் கிடக்கும். நம்பாட்டுக்கு அவையே படுக்கையறை, பருந்திடமிருந்து தப்பும் புகலிடம், உணவுக் களஞ்சியம் எல்லாம். முகாமில் எரிக்கத் தரையில் கிடக்கும் விறகைப் பொறுக்கக் கூடாது என்ற விதி எதற்கென்று இப்போது புரிந்திருக்கும்.

நம்பாட் கண்ணில் பட்டால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்; கதவைத் திறக்காதீர்கள். அது கட்டைக்குள் ஓடி ஒளிந்தாலும் கிளம்பிவிடாமல் கால்மணி நேரமாவது காத்திருங்கள். பெரும்பாலும் முதலில் மூக்கு வரும், பிறகு ஒரு கண், பிறகு மீண்டும் முழு உடலும் வரும்.

நாள் முழுவதும் தேடியும் காணாமல் போவது இயல்பானதுதான். 1970-களின் இறுதியில் நம்பாட் இயற்கையாக எஞ்சியிருந்தது இந்தக் காட்டிலும், தெற்கே உள்ள பெரப் காட்டிலும் மட்டுமே. ஐரோப்பியர்கள் கொண்டுவந்த நரியும் பூனையும், கோதுமைக்காக வெட்டி அழிக்கப்பட்ட காடுகளும் அதை அந்த நிலைக்குத் தள்ளின. டிரையாண்ட்ரா பிழைத்ததற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு: நம் ஊரில் தோல் பதனிட ஆவாரம்பட்டை பயன்பட்டதைப் போல, இங்கே பிரவுன் மாலெட் மரத்தின் பட்டை பயன்பட்டது. அதற்காக வனத்துறை இங்கு மாலெட் தோட்டங்களை வளர்த்ததால், இந்நிலம் உழவுக்குப் போகாமல் தப்பியது.

படி 6: நாயை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்

1980-களில் இங்கே நரிகளுக்கு நஞ்சு கலந்த இறைச்சித் துண்டுகளை வைத்துப் பார்த்தபோது, நம்பாட்டுகளின் எண்ணிக்கை தெளிவாக உயர்ந்தது. அந்த நஞ்சுக்கு 1080 என்று பெயர். இப்பகுதியின் சில காட்டுச் செடிகளில் இதே நஞ்சு இயற்கையாகவே இருப்பதால், தலைமுறை தலைமுறையாக அவற்றோடு வாழ்ந்த உள்ளூர் விலங்குகளுக்கு அதைத் தாங்கும் திறன் உண்டு. வெளியிலிருந்து வந்த நரிக்கும் பூனைக்கும் அது இல்லை. உங்கள் வீட்டு நாய்க்கும் இல்லை. நாய்க்கு அது மிகக் கொடிய நஞ்சு. காருக்குள்ளேயே வைத்திருப்பேன் என்ற சமாதானமெல்லாம் இங்கே செல்லாது.

படி 7: இரவில் பார்னா மியாவுக்குள்

சொல்லப்பட்ட நேரத்துக்குக் கால்மணி முன்பாகப் போய்விடுங்கள். அடர் நிற ஆடை, மூடிய காலணி, சத்தமிடாத துணியாலான மேல்சட்டை ஆகியவை நல்லது. மழைக்கோட்டின் பிளாஸ்டிக் சரசரப்பு அந்த நிசப்தத்தில் எவ்வளவு உரக்கக் கேட்கும் என்பது போனால்தான் தெரியும். வழிகாட்டி முதலில் விலங்குகளைப் பற்றி விளக்குவார். பிறகு சிவப்பு ஒளி வீசும் டார்ச்சுகளுடன் குழுவாக உள்ளே அழைத்துச் செல்வார். இரவில் உலவும் இவ்விலங்குகளின் கண்கள் சிவப்பு ஒளியை அவ்வளவாக உணர்வதில்லை. வெள்ளை ஒளியோ அவற்றைக் கூசச் செய்து விரட்டிவிடும். ஆகவே கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வையுங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கும் எண்ணமே வேண்டாம்.

வழிகாட்டி ஆங்காங்கே சிறிதளவு உணவை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். அதன் பிறகு நீங்கள் செய்ய வேண்டியது, அசையாமல் இருப்பது மட்டுமே. முதலில் வருவது பெரும்பாலும் பூடி. கங்காருவின் சிறிய உறவுகளான பெட்டாங் இனத்தில் வளை தோண்டி வாழும் ஒரே வகை, உருண்டையான உடல், சண்டைக்காரச் சுபாவம். தட்டில் மற்றவை வாய் வைத்தால் உறுமித் துரத்தும். பெருநிலப்பரப்பில் முற்றிலும் அழிந்துபோய், மேற்குக் கடற்கரையை ஒட்டிய சில தீவுகளில் மட்டும் தப்பிய இனம் இது. வாய்லி அதைவிட மெலிந்தது. கூடு கட்டும் புல்லை வாலால் சுருட்டித் தூக்கிச் செல்லும். அது மண்ணுக்கடியில் விளையும் காளான்களைத் தோண்டித் தின்று, அவற்றின் வித்துகளைக் காடெங்கும் பரப்புகிறது. செந்நிற மாலா, பெரிய முயலளவுள்ள சிறு வாலபி, அதாவது கங்காருவின் இன்னொரு சிறிய உறவு. பெருநிலத்தில் காட்டில் எஞ்சியிருந்த அதன் கடைசிக் கூட்டம் 1991-இல் அழிந்தது.

பில்பி கடைசியில்தான் வரும், சில இரவுகளில் வராமலும் போகும். சென்ற முறை ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். மற்றவர்கள் அடுத்த இடத்துக்கு நகர்ந்த பிறகும் அம்மா கால்வலியால் மரப்பலகையிலேயே உட்கார்ந்திருக்க, நானும் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு உடன் இருந்தேன். இரண்டடி தூரத்தில், முயற்காது போன்ற நீண்ட காதுகள் சிவப்பு ஒளியில் நரம்பு தெரிய, கூர்மூக்கால் மண்ணை மோந்தபடி ஒரு பில்பி வந்தது. கறுத்து நுனி வெளுத்த வால், கொடி போல் நிமிர்ந்திருந்தது. அது முன்காலால் மண்ணை வாரியபோது அம்மாவின் செருப்பின் மேல் மண் தெறித்தது. "எலி மூஞ்சி, முயல் காது, யாருடா இதுக்கு இப்படி ஒட்டுப் போட்டது?" என்று என் காதில் அம்மா முணுமுணுத்தார். பில்பியின் வயிற்றுப் பை பின்பக்கமாகத் திறக்கும். தோண்டும்போது மண் குட்டியின் மேல் விழாமல் இருப்பதற்கு அந்த அமைப்பு உதவுகிறது என்று பிறகு வழிகாட்டி விளக்கினார்.

படி 8: திரும்பும் வழியில்

சுற்றுலா முடிந்ததும் அன்றிரவே பெர்த் திரும்ப வேண்டாம். அந்தி முதல் விடியல் வரை கங்காருக்கள் சாலையில் குறுக்கிடும். தவிர்க்க முடியாமல் ஓட்ட நேர்ந்தால் மெதுவாக ஓட்டுங்கள், ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எதிர்பாருங்கள். காரில் ஒரு பழைய துண்டும் துணிப்பையும் எப்போதும் இருக்கட்டும். சாலையோரம் அடிபட்டு இறந்துகிடக்கும் கங்காருவோ வாலபியோ கண்ணில் பட்டு, வண்டியை நிறுத்துவதும் பாதுகாப்பானது என்றால், அது பெண்ணா என்று பார்த்து அதன் பையைச் சோதியுங்கள். தாய் இறந்த பிறகும் உள்ளே குட்டி உயிருடன் இருக்கக்கூடும். காம்பைக் கவ்வியிருக்கும் குட்டியை இழுத்துப் பிரிக்கக் கூடாது. அதன் வாய் கிழிந்துவிடும். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அடிபட்ட காட்டு விலங்குகளுக்கான வைல்ட்கேர் உதவி எண்ணை அழைத்து, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். அந்த எண்ணைப் புறப்படும் முன்பே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.