பத்து நிமிட டெஸ்ட்டை நம்பாதீர்கள்: அழகுப் பொருள் அலர்ஜியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், என்னிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்திருக்கும் பெண், ஒரு வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் தலைமுடி டையைப் பொட்டளவு தடவிவிட்டு ஃபோனில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்தாள். அலாரம் அடித்ததும் காது மடலை மடக்கிப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகலைக்கா, ஆரம்பிச்சிடட்டுமா?" என்றாள். கையில் பிரஷ். கலந்து வைத்த டை கிண்ணத்தில் கருத்துக்கொண்டிருந்தது. நான் கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தேன். அவள் முகம் வாடிப்போனது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பதினேழு வருடங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான் செய்தேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

மேக்கப்போடு தூங்காதீர்கள், தேதி முடிந்த கிரீமைத் தொடாதீர்கள், அடுத்தவர் லிப்ஸ்டிக்கைப் போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குள் நான் போகவில்லை. கவனமாக இருப்பவர்களே அறியாமல் செய்கிற தவறுகள் சில இருக்கின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

பத்து நிமிட டெஸ்ட்

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம். என் தோழியின் அம்மாவுக்கு நான்தான் டை அடித்துவிட்டேன். இரண்டு நாளில் வீட்டில் ஒரு விசேஷம். காதுக்குப் பின்னால் தடவினேன், பத்து நிமிடம் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அடித்து, அலசி, காயவைத்து அனுப்பினேன். அன்றும் மறுநாளும் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஃபோன் வந்தது. போய்ப் பார்த்தால் நெற்றியில் முடி தொடங்கும் இடம் முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. காது மடலின் மேல்விளிம்பிலிருந்து நீர் வடிந்து காய்ந்து மஞ்சள் பொருக்காக ஒட்டியிருந்தது. கண் இமைகள் உப்பி, இடையில் ஒரு கீற்று மட்டும்தான் திறந்திருந்தது.

"டையா இருக்காதும்மா, அது போட்டு ரெண்டு நாள் ஆச்சே. புதுத் தலையணை உறைதான் ஒத்துக்கல போல" என்றார் அவர். நான் ஆமாம் என்றேன். என்னிடம்தான் டெஸ்ட் செய்த ஆதாரம் இருந்ததே! ஒன்றரை மாதம் கழித்து நரை தெரிய ஆரம்பித்தது. அதே டையை நானே மறுபடி அடித்தேன். இந்த முறை மூன்று நாள் காத்திருக்கவில்லை, அன்றிரவே தொடங்கிவிட்டது. முகம் முழுக்க வீங்கி அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. முதல் தடவை நடந்ததை விபத்து என்று சொல்லலாம். இரண்டாவது முழுக்க என் தவறு. இன்றைக்கும் யாராவது காதில் தடவிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

சரி, பத்து நிமிடத்தில் ஏன் தெரியவில்லை? தோல் அலர்ஜி எல்லாம் ஒரே வகை இல்லை. தொட்ட சில நிமிடங்களிலேயே தடித்து அரிக்கும் ஒரு வகை உண்டு. பத்து நிமிட டெஸ்ட் அதை மட்டும்தான் பிடிக்கும். அழகுப் பொருட்களால் வரும் அலர்ஜியில் பெரும்பாலானது இன்னொரு வகை, தாமதமாக வருவது. இதை நடத்துவது டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். அவை அந்த ரசாயனத்தை அடையாளம் கண்டு, பெருகி, தோலுக்கு வந்து சேர்ந்து வீக்கத்தைக் கிளப்ப ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இரண்டு நாள் கழித்து வரவேண்டிய பதிலுக்குப் பத்து நிமிடம் காத்திருந்தால் எப்போதும் "ஒன்றும் இல்லை" என்றுதான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பொருளை உடம்பு முதன்முதலில் எதிரியாகக் கற்றுக்கொள்வதற்குச் சுமார் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். அப்போது வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. அந்தக் கற்றல் முதல் தடவையிலும் நடக்கலாம், நூறாவது தடவையிலும் நடக்கலாம். "பத்து வருஷமா இதேதான் போடறேன்" என்று என்னிடம் சொல்லாத வாடிக்கையாளர் குறைவு. ஆனால் அலர்ஜி வருவது பெரும்பாலும் பழகிய பொருளில்தான். ஒருமுறை கற்றுக்கொண்டால் உடம்பு அதைப் பொதுவாக வாழ்நாள் முழுக்க மறக்காது. அடுத்தடுத்த முறை சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரும்.

டையில் பெரும்பாலும் குற்றவாளி பாரா-ஃபினைலீன்டையமின், சுருக்கமாக பி.பி.டி. மிகச் சின்ன மூலக்கூறு. முடிக்குள் புகுந்து நிறமாக மாறுவதுதான் அதன் வேலை. அதே சின்ன உருவத்தால் தோலுக்குள்ளும் எளிதாகப் புகுந்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைமுடிச் சாயத்தில், கலந்து தலையில் வைக்கும் நிலையில், 2 சதவீதத்துக்கு மேல் இது இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் தோலில் ஓவியம் வரைகிற "கருப்பு மருதாணி"யில், சீக்கிரம் கறுப்பாகப் பிடிக்கட்டும் என்று அதைவிடப் பல மடங்கு கலந்துவிடுகிறார்கள். சின்ன வயதில் அதைப் போட்டுக்கொண்டு, தோல் கொப்பளித்து, பல வருடம் கழித்து முதல் தடவை டை அடித்ததுமே முகம் வீங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் புதிதாக யார் வந்தாலும் என் முதல் கேள்வி இதுதான்: "கறுப்பா டாட்டூ மாதிரி எப்பவாவது போட்டிருக்கீங்களா? போட்ட இடம் அரிச்சுதா?"

"அமோனியா இல்லாதது" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அமோனியா வேறு, பி.பி.டி. வேறு. ஹெர்பல் என்று விற்கிற கறுப்பு டையிலும் அது இருக்கலாம். பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தைப் படித்தால்தான் தெரியும். பி.பி.டி.க்குப் பதிலாகச் சேர்க்கப்படும் டொலுயீன்-2,5-டையமின் அதன் நெருங்கிய உறவு. ஒன்றுக்கு அலர்ஜி இருப்பவர்களில் பலருக்கு மற்றதும் ஒத்துக்கொள்வதில்லை.

டை அடிப்பதற்கு 48 மணி நேரம் முன்பே, பெட்டியில் உள்ள தாளில் சொன்னபடி, முழங்கையின் உள்மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ தொட்டு வைத்து முழு 48 மணி நேரமும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். பழகிய டை, அதே நிறம் என்றாலும் செய்யுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்த டை உங்களுக்கு வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை முகம் வீங்கியவர்கள் வீட்டில் இந்த டெஸ்ட்டையே செய்யக் கூடாது. நேராகத் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

முகத்தில் தங்கும் கிரீம், சீரம், சன்ஸ்கிரீன் ஆகியவற்றுக்கு இன்னும் பொறுமை தேவை. முழங்கை உள்மடிப்பில் நாணயமளவு இடத்தில் காலை மாலை இரண்டு வேளை, ஏழிலிருந்து பத்து நாள் தடவிப் பாருங்கள். கழுவிவிடும் பொருளாக இருந்தால் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவினால் போதும். ஃபேஸ்வாஷைத் தடவி மேலே பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, "பாருங்க, வெந்துபோச்சு" என்று காட்டுகிறார்கள். சோப்பை ஒரு நாள் முழுக்க மூடி வைத்தால் யார் தோலும் வேகத்தான் செய்யும்.

வந்த இடத்தை மட்டும் பார்ப்பது

எனக்கே நான்கு மாதம் இமையில் அரிப்பு இருந்தது. தாள் மாதிரி உரியும், காலையில் கண்ணைத் திறக்கும்போது சுருக்கென்று இழுக்கும். மஸ்காராவை மாற்றினேன், காஜலை நிறுத்தினேன், கண்ணைச் சுற்றிப் போடும் கிரீமை வீசினேன். ஒன்றும் குறையவில்லை. கடைசியில் தோல் மருத்துவர் என் கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் என் விரல்களைப் பார்த்தார். நெயில் பாலிஷில் இருக்கும் ஒரு பிசின்தான் காரணம். நகத்தைச் சுற்றி எதுவும் வரவில்லை. ஆனால் நாம் எத்தனை தடவை கண்ணைத் தொடுகிறோம் என்று நமக்கே தெரியாது. உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல், அரை மில்லிமீட்டர் அளவுதான். முதலில் குரல் கொடுப்பது அதுதான்.

அதனால் இமையில் வந்தால் நகம், ஷாம்பு, டை, இமை சுருட்டும் கருவியின் நிக்கல் வரை யோசியுங்கள். நெற்றியிலும் கழுத்தின் பக்கவாட்டிலும் வந்தால் அலசும்போது வழிந்து இறங்கும் ஷாம்பு, கண்டிஷனர். கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் வந்தால் சென்ட். நேற்று புதிதாகப் போட்டது எது என்று தேடாமல், நான்கு நாள் பின்னால் போய் எண்ணுங்கள்.

"எரிந்தால் வேலை செய்கிறது"

இல்லை. எரிந்தால் கழுவிவிடுங்கள்.

ஆற்றுகிறேன் என்று மேலே மேலே தடவுவது

சிவந்து எரியும் முகத்தோடு வருகிறவர்களிடம் "என்னவெல்லாம் போட்டீங்க?" என்று கேட்டால் பட்டியல் நீளும். ஒரு கற்றாழை ஜெல், ஒரு எண்ணெய், ஒரு கிருமிநாசினி கிரீம், அப்புறம் யாரோ சொன்ன ஒரு சீரம். தோலின் மேல்சுவர் ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கிறது. இப்போது எதைப் போட்டாலும் ஆழமாகப் போகும். புதிதாக இன்னொன்றுக்கு அலர்ஜி பிடிக்க இதைவிட வசதியான நேரம் கிடையாது. காயத்துக்குப் போடும் நியோமைசின் கிரீமே அலர்ஜி தருவதில் பேர்போனது. அரிப்புக்கென்று விற்கும் சில ஆன்டிஹிஸ்டமின் கிரீம்களும் அப்படியே. டீ ட்ரீ எண்ணெய், லாவெண்டர் எண்ணெய் இரண்டும் குப்பியைத் திறந்து நாளாக ஆக, காற்றுப்பட்டு இன்னும் மோசமாகும். செடியிலிருந்து வந்தது என்பதால் தோல் அதற்குச் சலுகை காட்டாது.

முகத்தில் போடும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், எல்லாவற்றையும். வெதுவெதுப்பாகக்கூட இல்லாத சாதா நீரில் கழுவுங்கள். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. ஐஸ்கட்டியை நேராக வைக்காதீர்கள். ஈரத்தைத் துடைக்காமல் ஒற்றி எடுத்து, வாசனை எதுவும் இல்லாத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகத் தடவுங்கள். அவ்வளவுதான். காரணமான பொருளை நிறுத்தினாலும் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். நான்காம் நாளே பொறுமையிழந்து அடுத்த கிரீமைத் தேட வேண்டாம்.

அலர்ஜி மாத்திரை போட்டும் அடங்கவில்லையே என்று கேட்பார்கள். அந்த மாத்திரைகள் ஹிஸ்டமினை, அதாவது உடனடி வகையில் அரிப்பைக் கிளப்ப உடம்பே சுரக்கும் ரசாயனத்தை, தடுப்பவை. தாமத வகை அலர்ஜியை நடத்துவது ஹிஸ்டமின் இல்லை. தூக்கம் தரும் வகையாக இருந்தால் இரவில் சொறியாமல் தூங்க உதவும், அவ்வளவே.

வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு கிரீம்

இதில் சிக்கல் என்னவென்றால், அது நன்றாக வேலை செய்யும். இரண்டே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிடும். மருத்துவரும் இதே வகை மருந்தைத்தான் கொடுப்பார், ஆனால் முகத்துக்கு ஏற்ற வீரியத்தில், நாள் கணக்குப் போட்டு. யாருக்கோ காலில் வந்ததற்கு வாங்கிய கிரீமை நாமாக முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் சிவப்பு நூல் மாதிரி தெரியும், வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாக வரும், நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து திரும்பப் போடுவார்கள். அப்படிச் சிக்கியவர்களை நான் தொடுவதில்லை, ஃபேஷியல்கூடச் செய்வதில்லை. மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன்.

முன்பக்க லேபிள்

"ஹைப்போஅலர்ஜெனிக்" (அலர்ஜி தரும் வாய்ப்புக் குறைவு) என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் சட்டப்படி எந்த அளவுகோலும் இல்லை. மருந்தையும் அழகுப் பொருட்களையும் கண்காணிக்கும் அந்நாட்டு அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 1975-ல் அதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டு அதை ரத்தாக்கிவிட்டன. "வாசனை தெரியாதது" என்பதும் "வாசனைப் பொருள் சேர்க்காதது" என்பதும் ஒன்றில்லை. முதலாவதில், மற்ற நெடியை மறைக்கவே வாசனைப் பொருள் இருக்கலாம். மெத்தில்ஐசோதயாசோலினோன் என்ற பதப்படுத்தும் பொருளையும் பின்பக்கத்தில் தேடுங்கள். இது பலருக்கு அலர்ஜி கொடுத்ததால், கழுவாமல் தோலில் தங்கும் பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. ஷாம்பு, ஈரத் துடைப்பான்கள் வாங்கும்போதும் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனை

தாமத வகைக்கு அது பயன்படாது. இதைக் கண்டுபிடிப்பது பேட்ச் டெஸ்ட். 1895-ல் யோசஃப் யாடசோன் என்ற தோல் மருத்துவர் முன்வைத்த அதே அடிப்படைதான் இன்றும்: சந்தேகப் பொருட்களைச் சிறு சிறு அளவில் முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாள் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வைக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள், பல அலர்ஜிகள் அப்போதுதான் தெரியும்.

உதடு, நாக்கு வீங்கினால், மூச்சு இழுத்தால்

வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். கண் மூடும் அளவுக்கு வீங்கினாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

ஆத்திரத்தில் குப்பியை வீசுவது

எல்லோரும் இதைச் செய்கிறார்கள், பெட்டியோடு சேர்த்து. மருத்துவருக்குத் தேவை அந்தப் பின்பக்கத்துப் பொடி எழுத்துதான். தோழியின் அம்மாவுடைய டை பெட்டியை நான் அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டேன். மருத்துவமனையில் "என்ன டை, அதில் என்ன இருந்தது?" என்று கேட்டபோது, நிறத்தின் பெயரைத் தவிர என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. இப்போது என் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு இருக்கிறது. யாருக்கு எதைப் போட்டாலும் பெட்டியின் பின்பக்கத்தை ஃபோட்டோ எடுத்து, தேதியோடு அதில் ஒட்டி வைக்கிறேன். போன வாரம் வந்த அந்த வாடிக்கையாளரின் பக்கத்தில் இரண்டு தேதிகள் இருக்கின்றன: தொட்டு வைத்த நாள் ஒன்று, டை அடித்த நாள் ஒன்று. இரண்டையும் எழுதியது அந்தப் பெண்தான்.