வேலூர் பக்கத்துல இருந்து கனடாவுல ஒண்டாரியோ மாநிலத்து சின்ன ஊருக்கு வந்திருக்கீங்களா? நாய் பூனை வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

புதுசா வர்றவங்க எல்லாரும் மொத வாரமே என்கிட்ட கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "இன்னாக்கா, ஊரு பூரா சுத்திட்டேன், ஒரு தெரு நாய் கூட கண்ணுல படல, எல்லாத்தையும் இன்னா பண்ணாங்க?" போன வருஷம் குடியாத்தத்துல இருந்து வந்த நர்ஸ் தங்கச்சி கேட்டா, அதுக்கு முன்னாடி விஐடில படிச்சிட்டு வந்த ரெண்டு பசங்க கேட்டாங்க, நானும் வந்த புதுசுல இதையே தான் கேட்டேன். காட்பாடி ஸ்டேஷன்ல ராத்திரி ரயில்ல இருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தா தெருவுக்கு ஒரு கோஷ்டி நாய் நிக்கும், கையில ஒரு கல்லை எடுத்துக்கினே நடந்து பழகின ஆளுங்க நாம, அதனால இந்த அமைதி கொஞ்ச நாளைக்கு ஒரு மாதிரி தான் இருக்கும்.

நம்மூர்ல நாய் தெருவோடது. அஞ்சு வீட்ல சோறு போடுவாங்க, ஆனா ஊசி போடணும்னா அது யார் வீட்டு நாயும் இல்ல. இங்க நாய்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஒரு ஆளோட பேரும் போன் நம்பரும் டவுன் ஆபீஸ் ஏட்டுல இருக்கணும், அது ஓடினாலும் கடிச்சாலும் குரைச்சாலும் பக்கத்து வீட்டு புல்லுல ஆய் போனாலும் அந்த ஆளு தான் பதில் சொல்லணும். தை மாசம் நம்ம பக்கம் மாடு விடுற விழாவுல மைக்குல மாட்டோட பேரு, யார் வீட்டு மாடு, எந்த ஊர் மாடுன்னு சொல்லிட்டு தானே விடுவாங்க, கிட்டத்தட்ட அதே கதை தான், மைக்குக்கு பதிலா கழுத்துல ஒரு சின்ன டேக்.

அந்த டேக் தான் நாய்க்கு லைசென்ஸ், அது எங்க கிடைக்கும்னா, வீட்டு வரி, தண்ணி பில்லு கட்டுற அதே டவுன் ஆபீஸ் கவுண்டர்ல. ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி போட்ட சர்டிபிகேட் எடுத்துக்கினு போங்க, கருத்தடை ஆபரேஷன் பண்ணின நாய்க்கு நிறைய ஊர்ல கட்டணம் கம்மி, அதனால அந்த பேப்பரும் இருந்தா எடுத்துக்கங்க. பெரும்பாலும் வருஷா வருஷம் புதுப்பிக்கணும். பூனைக்கு லைசென்ஸ் உண்டா, ஒரு வீட்ல எத்தனை நாய் வெச்சுக்கலாம், கோழி வளர்க்கலாமா, இதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும், பக்கத்து டவுன்ல இருக்குற சொந்தக்காரரு சொன்னார்னு நம்பாதீங்க, உங்க டவுன் பைலா, அதாவது டவுனே போடுற உள்ளூர் சட்டம், என்ன சொல்லுதுன்னு மட்டும் பாருங்க.

நாங்க மொதல்ல அந்த லைசென்ஸ் எடுக்கல. மொத வருஷம் எங்க நாய் மணியை, ஆளில்லாத மிருகங்களை வெச்சுப் பாத்துக்கிற ஷெல்டர்ல இருந்து தத்து எடுத்துட்டு வந்தப்ப எங்க வீட்டுக்காரர், "பாத்துக்கலாம் விடு, வேணும்னா அவங்களே நோட்டீஸ் அனுப்புவாங்க"ன்னு வீட்டு வரி மாதிரி பேசிக்கினு இருந்தார். ஜூலை 1 கனடா டே, ராத்திரி வாண வேடிக்கை, மொத வெடி வெடிச்சதும் பின்பக்க வேலி கதவை முட்டித் தள்ளிட்டு ஓடிட்டான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டார்ச் வெச்சுக்கினு மணி மணின்னு கத்திக்கினே தெரு தெருவா அலைஞ்சோம். மறுநாள் தான் தெரிஞ்சது, சின்ன ஊர்ல பிடிச்ச நாயை அடைச்சு வெக்கிற பவுண்டுன்னு தனியா இருக்காது, பக்கத்து ஊர்ல ஒரு ஷெல்டரோட ஒப்பந்தம் போட்டிருப்பாங்க, பிடிச்ச நாயை அங்க கொண்டுபோய் விட்டுருவாங்க, எங்களுக்கு அது நாப்பது நிமிஷ டிரைவ். ஒண்டாரியோ சட்டப்படி குறைஞ்சது மூணு நாள் வெச்சிருக்கணும், லீவு நாள் அதுல சேராது, அதுக்குள்ள சொந்தக்காரங்க வரலன்னா தத்து குடுக்கவோ வேற முடிவு எடுக்கவோ அவங்களுக்கு உரிமை இருக்கு. பிடிச்ச கட்டணம், தங்கின கட்டணம், அப்புறம் முன்னாடியே எடுத்திருக்க வேண்டிய லைசென்ஸ், எல்லாத்தையும் மொத்தமா கட்டிட்டு கூட்டிட்டு வந்தோம். ரெண்டு வருஷம் கழிச்சு திரும்பவும் ஓடினான், அப்ப கழுத்துல டேக் இருந்தது, டவுன் பைலா ஆபீசரே வண்டியில ஏத்திட்டு வந்து வாசல்ல இறக்கி விட்டுட்டு ஒரு டாலர் வாங்காம போய்ட்டாரு. மைக்ரோசிப்பும் போட்டுடுங்க, நாயோட அடையாள நம்பர் இருக்குற சின்ன சிப்பு, அரிசி சைஸ்ல தோலுக்கு அடியில வைப்பாங்க, கழுத்துப்பட்டை கழண்டு விழுந்தாலும் அது இருக்கும். வீடு மாறினா, போன் நம்பர் மாறினா அந்த சிப்பு பதிவுலயும் மாத்தணும், இதை நம்மாளுங்க மறந்துடுறாங்க, வந்த மொத ரெண்டு வருஷத்துல நாம மாத்துற சிம் கார்டுக்கு கணக்கே இல்லையே.

பைலா ஆபீசர்னா பயப்படாதீங்க. சின்ன ஊர்ல பனி வாராததுக்கும் தப்பா பார்க்கிங் போட்டதுக்கும் நாய் குரைச்சதுக்கும் எல்லாத்துக்கும் அந்த ஒரே ஆளு தான் வருவாரு. எங்கம்மா காட்பாடியில இருந்து விசிட்டர் விசால வந்திருந்தப்ப ஆடி அமாவாசை வந்தது. தாத்தாவுக்கு படையல் போட்டு, வாழை இலையில சோறு, வடை, பாயசம் எல்லாம் கொண்டுபோய் பின்பக்க டெக்ல (மரத் திண்ணை மாதிரி) வெச்சு கா கான்னு கூப்பிட்டாங்க, ஒரு காக்காவும் வரல. அம்மாவுக்கு ஒரே மனசு கஷ்டம், இலையை எடுக்க மாட்டேன்னுட்டாங்க. ராத்திரி ரக்கூன் வந்தது, மூஞ்சில கறுப்பு துணி கட்டின திருடன் மாதிரி இருக்கும், தாயும் மூணு குட்டியும், வடையை ரெண்டு கையில பிடிச்சு உக்காந்து தின்னுச்சுங்க. அம்மாவுக்கு அதுவே போதும்னு ஆயிடுச்சு, தாத்தா வந்துட்டார்னு தினமும் வெக்க ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டாவது வாரம் பக்கத்து வீட்டு குப்பைத் தொட்டியெல்லாம் கவுந்து கெடக்கு, கம்ப்ளெயிண்ட் போயிடுச்சு, ஆபீசர் வந்துட்டாரு. எங்க டவுன்ல காட்டு விலங்குக்கு சோறு வெக்கக்கூடாதுன்னு பைலா இருக்கு. நான் தட்டுத்தடுமாறி இது எங்க தாத்தாவுக்கு வெக்கிறதுன்னு விளக்கினேன். அவரு கொஞ்ச நேரம் யோசிச்சு, "சரிம்மா, தாத்தாவை கால் மணி நேரத்துல சாப்பிட்டு முடிக்கச் சொல்லுங்க, அப்புறம் தட்டை உள்ள எடுத்துடுங்க"ன்னாரு. இப்ப வரைக்கும் எங்க வீட்ல அமாவாசைக்கு அதே கால் மணி நேரம் தான்.

நாயை வெளிய கூட்டிட்டுப் போனா கயிறு கட்டாயம், பாக்கெட்ல பிளாஸ்டிக் பை கட்டாயம். மொத தடவை குனிஞ்சு அதை அள்ளும்போது ஊர்ல நம்மள யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாங்கன்னு தோணும், ரெண்டே நாள்ல பழகிடும். பின்பக்கம் சங்கிலி போட்டு கட்டுறதா இருந்தா அது குறைஞ்சது மூணு மீட்டர் நீளம் இருக்கணும், அது மாநில ரூல், நம்மூர்ல மாட்டுக்கொட்டாய்ல முளைக்குச்சி அடிச்சு கட்டுற மாதிரி கட்டினா கேஸ் தான். மிருகத்தை யாராச்சும் கொடுமைப்படுத்துறதைப் பாத்தா, வெயில்ல கார்ல அடைச்சு வெச்சிருக்கிறதைப் பாத்தா, டவுனுக்கு போன் பண்றதை விட மாநில நம்பருக்கு பண்ணுங்க, 1-833-926-4625. 2020 ஜனவரியில இருந்து மாநில இன்ஸ்பெக்டருங்க தான் இதைப் பாக்குறாங்க.

உங்க நாய் யாரையாச்சும் கடிச்சா, நீங்க கவனமா தான் இருந்தீங்கன்னு சொல்லி தப்பிக்க முடியாது, நஷ்ட ஈடு நீங்க தான் குடுக்கணும், சட்டம் அப்படி. பிட்புல் வகை நாய் 2005ல இருந்தே ஒண்டாரியோவுல தடை, ஆன்லைன்ல யாரோ கம்மி விலைக்கு குட்டி விக்கிறாங்கன்னு வாங்கி மாட்டிக்காதீங்க.

இப்ப ரேபிஸ் விஷயத்துக்கு வரேன், இதுல கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கங்க. தடுப்பூசி நமக்கு புதுசு இல்ல. ராணிப்பேட்டையில கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இருக்குல்ல, 1932ல மாட்டுக்கு வர்ற வெக்கை நோய்க்கு சீரம் தயாரிக்கத் தான் அதை ஆரம்பிச்சாங்க, அந்த நோயே உலகத்துல இல்லன்னு 2011ல அறிவிச்சுட்டாங்க. அப்படிப்பட்ட மாவட்டத்துல பொறந்துட்டு நாய்க்கு ஊசி தள்ளிப்போடுறது நல்லாவா இருக்கு? ஒண்டாரியோவுல நாய்க்கும் பூனைக்கும் மூணு மாசம் ஆனா ரேபிஸ் ஊசி கட்டாயம், வீட்டை விட்டே வெளிய போகாத பூனையா இருந்தாலும் கட்டாயம்.

யாரை எந்த நாய் கடிச்சாலும், உங்க வீட்டு நாயே உங்க புள்ளையை பல்லு பதிய கடிச்சாலும், உள்ளூர் சுகாதார ஆபீஸான பப்ளிக் ஹெல்த்துக்கு தெரியப்படுத்தணும். நாயை பத்து நாள் கண்காணிப்புல வைப்பாங்க, பெரும்பாலும் வீட்லயே தான், பிடிச்சுட்டுப் போய் கொன்னுடுவாங்கன்னு பயந்து மறைக்காதீங்க. கடிபட்ட இடத்தை சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவுங்க, மஞ்சளும் சுண்ணாம்பும் வெக்காதீங்க. ஊசி தேவைன்னா இலவசம், தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசின்னு நம்ம பாட்டி சொன்னதெல்லாம் போயே போச்சு, இப்ப வழக்கமா கையில நாலு ஊசி, கூடவே மொத நாள் காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின்னு உடனே எதிர்ப்பு சக்தி குடுக்குற மருந்து.

ஆனா இங்க பயப்பட வேண்டியது நாயை விட வவ்வாலுக்கு. 2024ல ஒண்டாரியோவுல வவ்வால் மூலமா ரேபிஸ் வந்து ஒரு உயிர் போச்சு, மாநிலத்துக்குள்ளயே தொத்தினதுல 1967க்கு அப்புறம் அது தான் மொத கேஸ். வவ்வால் பல்லு ஊசி முனை மாதிரி, கடிச்ச தடம் கூட தெரியாது. காலையில எழுந்தா ரூம்ல வவ்வால் இருந்தா, அதுவும் குழந்தை தூங்கின ரூம்னா, தொடப்பத்தால விரட்டி விட்டுட்டு வேலைக்குப் போகாதீங்க, கையால தொடாம கதவைச் சாத்திட்டு பப்ளிக் ஹெல்த்துக்கு போன் பண்ணுங்க, என்ன பண்ணனும்னு அவங்க சொல்வாங்க. ரக்கூன், நரி, ஸ்கங்க்குக்கு மாநில அரசே ஏரோபிளேன்ல இருந்து மருந்து தூவுது, பச்சை கலர்ல தீக்குச்சிப் பெட்டியை விட சின்னதா ஒரு பாக்கெட், மார்ஷ்மெல்லோ வாசனை அடிக்கும், தின்னா தடுப்பூசி வேலை செய்யும். பின்பக்கம் அப்படி ஏதாச்சும் கெடந்தா புள்ளைங்க எடுத்து விளையாட விடாதீங்க.

நாய் டாக்டர் செலவை முன்னாடியே கணக்கு போட்டுக்கங்க. நம்மூர் அரசு கால்நடை ஆஸ்பத்திரி மாதிரி நினைச்சுக்கினு போனா பில்லைப் பாத்து மயக்கம் வரும், நம்ம ஹெல்த் கார்டு நம்மளுக்கு மட்டும் தான். அப்பப்ப கம்மி விலைக்கு ரேபிஸ் ஊசி கேம்ப் போடுவாங்க, விசாரிச்சு வெச்சுக்கங்க. இன்னொரு கூத்து, வெட் கிளினிக்ல நாய் பேருக்குப் பின்னாடி நம்ம கடைசி பேரை சேர்த்துடுவாங்க. எங்க வீட்டுக்காரருக்கு பாஸ்போர்ட்ல கடைசி பேரு அவங்கப்பா பேரு. நிறைஞ்ச வெயிட்டிங் ஹால்ல மணிங்கிற பேரோட எங்க மாமனார் முழுப் பேரையும் சேர்த்து அந்தம்மா சத்தமா கூப்பிட்டாங்க, நாங்க எழுந்து போனோம். குடியாத்தத்துல இருக்குற எங்க மாமனார் வீட்டுக்கு இது இன்னும் தெரியாது.

சாப்பாட்டுல தான் நம்ம வீட்டு ஆளுங்க தப்பு பண்றாங்க. நாம சாப்பிடுறதை அதுக்கும் வெக்கிறது பாசம் தான், ஆனா வெங்காயம், பூண்டு, உலர் திராட்சை, எந்தக் கலர் திராட்சைப் பழமும், சாக்லேட் எல்லாம் நாய்க்கு விஷம். சாம்பார் சோத்துல சின்ன வெங்காயம், பாயசத்துல திராட்சை, பிரியாணியில எல்லாமே. சுகர் ஃப்ரீ சூயிங்கம்ல இருக்குற சைலிட்டால்ங்கிற இனிப்பு இன்னும் மோசம். மணிக்கு வெறும் சோறும் உப்பு போடாம வேகவெச்ச சிக்கனும் தான், ஆம்பூர் பிரியாணி பண்ற அன்னைக்கு மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து அழுவான்.

வாடகை வீட்ல இருக்குறவங்க கேப்பீங்க. நாய் வெக்கக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதியிருந்தாலும் ஒண்டாரியோவுல அந்த வரி செல்லாது. ஆனா காண்டோவுக்கு (ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஓனர் இருக்குற அடுக்குமாடி) தனி ரூல் இருக்கலாம், வீட்டு ஓனரோட சமையல் ரூமோ பாத்ரூமோ பங்கு போட்டுக்கினு இருந்தா இந்தச் சட்டமே உங்களுக்கு கிடையாது. நம்ம பசங்க பாதி பேரு மொத வருஷம் அப்படித் தான் பேஸ்மெண்ட்ல இருக்கீங்க, அதனால கேட்டுட்டு செய்ங்க.

ஊர்ல வளர்த்த நாயைக் கூட்டிட்டு வரணும்னா, நாய் மூலமா ரேபிஸ் பரவுற நாடுங்க பட்டியல்ல இந்தியா இருக்கு. 2022 செப்டம்பர் 28ல இருந்து அந்த நாடுங்கள்ல இருந்து விக்கவோ தத்து குடுக்கவோ நாய் கொண்டுவர்றது தடை. உங்க சொந்த நாயா இருந்தா ரேபிஸ் சர்டிபிகேட்டோட கொண்டுவரலாம், ஏர்போர்ட்ல சோதனையும் கட்டணமும் உண்டு. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி சென்னை ஏர்போர்ட்ல சரக்குல போகுமா கூட வருமான்னு ஏர்லைன்ஸ் கிட்ட எழுத்துல வாங்கிக்கங்க, மே மாசம் வேலூர் வெயில்ல கூண்டுல அடைச்சு கிளப்பாதீங்க.

குளிருக்கு நம்ம நாட்டு நாய்ங்க ரொம்ப கஷ்டப்படும். ரோட்ல தூவுற உப்பு பாதத்தை அரிச்சிடும், வந்ததும் வெதுவெதுப்பான தண்ணியில நாலு காலையும் கழுவி விரல் இடுக்கெல்லாம் துடைங்க. வெயில் நாள்ல புல்லுக்குள்ள போய்ட்டு வந்தா உண்ணி பாக்கணும், காது மடிப்பு, கக்கம், வால் அடி. இங்க உண்ணி மனுஷனுக்கும் லைம்னு ஒரு பாக்டீரியா நோயைக் குடுக்கும், அதனால நாயைப் பாத்து முடிச்சதும் உங்க சாக்ஸையும் ஒரு தடவை கழட்டிப் பாருங்க.