இடுப்புக் கொழுப்பு கரைய இரவுத் தட்டை இப்படி மாற்றுங்கள்

என் கணவருக்காக நான் சோற்றை நிறுத்தவில்லை, வரிசையை மாற்றினேன். முதலில் இரண்டு அவித்த முட்டை, இல்லாவிட்டால் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். புரதம் தரும் கலோரியில் 20-30 சதவீதம் அதைச் செரிக்கவே செலவாகும். மாவுச்சத்துக்கு 5-10, கொழுப்புக்கு 3-க்குள்தான். அப்புறம் பீன்ஸ் பொரியல். சோறு கடைசியில், ஒரு கரண்டி. சோறும் சர்க்கரையும் கூடினால் இன்சுலின் ஏறும். அது ஏறியிருக்கும்வரை கொழுப்புத் திசு தன் சேமிப்பை வெளியே விடத் தயங்கும். அதனால்தான் சாயங்கால டீயோடு பிஸ்கட் கூடவே கூடாது என்கிறேன். ஆனால் மொத்தச் சாப்பாடு கூடினால் எல்லாம் வீண். எண்ணெயை அளந்தே ஊற்றுங்கள். ஒரு தேக்கரண்டியே சுமார் 40 கலோரி. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சோற்றைக் குறையுங்கள்.