மாறுகண் பற்றிய மாநாட்டு உரைக்கு ஆயத்தமாதல்

வேலூரில் கண் மருத்துவர்களும் ஆர்த்தாப்டிஸ்டுகளும் (கண்களின் அசைவையும் ஒருங்கிணைப்பையும் சோதித்துப் பயிற்சி தருபவர்கள்) கூடும் மாநாட்டில் பேசவிருப்பவர், அவ்வூரில் 1902-இல் திறக்கப்பட்ட ஷெல் மருத்துவமனையின் வரலாற்றைச் சொல்லி நேரத்தைக் கரைக்காமல் (அவையோர் அதை அறிவார்கள்), ஒரே ஒரு நோயாளியின் சிக்கலிலிருந்து நேரடியாகத் தொடங்குவது நல்லது. மாறுகண் அளவைக் குறிப்பிடும்போது, அது 6 மீட்டர் தொலைவில் எடுக்கப்பட்டதா 33 சென்டிமீட்டர் தொலைவில் எடுக்கப்பட்டதா, கண்ணாடியுடனா கண்ணாடியின்றியா என்பதையும் அதே ஸ்லைடில் எழுதுங்கள். இவை இல்லாத பிரிசம் டயாப்டர் (மாறுகண் விலகலை அளக்கும் அலகு) எண்ணைக் கொண்டு எவரும் முடிவுக்கு வர இயலாது. கண்ணை மறைத்துப் பார்க்கும் சோதனையைச் சொற்களால் விவரிப்பதைவிடக் காணொளியாகக் காட்டுவதே மேல். ஒரு கண்ணை மறைக்கும் கணத்தில் மற்றக் கண் நகரும் திசை தெரியும்படி, அப்பகுதியை மெதுவாக இருமுறை ஓடவிடுங்கள். குழந்தையின் முகம் தெரிந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை முன்பே பெற்றிருக்க வேண்டும். சிவப்பு, பச்சை நிறங்களை மட்டும் கொண்டு வரைபடத்தில் வேறுபாடு காட்டாதீர்கள். நிறக்குறைபாடு உள்ளவர்கள் கண் மருத்துவர்களிலும் உண்டு.