கைக்குழந்தையோடு கொழும்புக்குக் குடிவருகிறீர்களா?

என் கணவருக்குக் கொழும்பில் வேலை என்றதும் ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அங்கே தமிழ்தானே, ஒரு கஷ்டமும் இருக்காது." திருச்சியிலிருந்து ஒன்றரை வயது மகளோடு வெள்ளவத்தையில் வந்து இறங்கி மூன்று வருடம் ஆகிறது. முதல் நான்கு மாதம் நாங்கள் செய்த பெரிய தவறு, வாரம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஊரையே சுற்றிவிடப் பார்த்தது. மதியத்துக்குள் குழந்தை சோர்ந்து அழ ஆரம்பிக்கும், நாங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு வீடு திரும்புவோம். அப்புறம் வழக்கத்தை மாற்றினோம். தினமும் ஒரு மணி நேரம் வெளியே, நடந்து போகிற தூரத்தில். பெரிய பயணம் மாதம் ஒன்றோ இரண்டோ. வீடு பார்ப்பதிலிருந்தே இதை மனதில் வையுங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம்தான் பெரும்பாலும் வீடு தேடுவீர்கள், தமிழ்க் கடைகளும் கோவில்களும் சைவச் சாப்பாட்டுக் கடைகளும் அங்கே நெருக்கமாக இருப்பதால். பெரிய சாலையான காலி வீதிக்கும் கடலோரமாக ஓடும் மரைன் டிரைவுக்கும் நடுவே இருக்கும் ஒழுங்கைகளில், அதாவது சந்துகளில், மாடி வீடுகள் நிறைய. கடல் தெரிகிற வீடு என்று சொல்லி வாடகையைக் கூட்டுவார்கள். அதற்காக மயங்க வேண்டாம். உப்புக் காற்றில் ஃபேன், வாஷிங் மெஷின், யன்னல் கம்பி எல்லாம் துருப்பிடிக்கும், ரயில் சத்தத்தில் பகல் தூக்கம் கெடும். நான் பார்க்கச் சொல்வது வேறு: யன்னலுக்கும் பால்கனிக்கும் கம்பி இருக்கிறதா, மின்சாரம் போனால் லிஃப்ட் ஓடுமா, கடைக்கும் ஸ்டேஷனுக்கும் எத்தனை நிமிட நடை. பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இங்கே வழக்கம், அதனால் ஊரிலிருந்து கிளம்பும்போதே கையில் பணம் வேண்டும். ஒப்பந்தம் எழுதும்போது, தண்ணீர் பில், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் யார் கட்டுவது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நாங்கள் வாய்ப்பேச்சை நம்பி இரண்டு மாதம் அந்தப் பணத்தை வீணாகக் கட்டினோம்.

தள்ளுவண்டி வாங்கிக்கொண்டு வராதீர்கள். நடைபாதை குறுகல், பல இடத்தில் உடைந்திருக்கும், கடைகளின் படிக்கட்டு வேறு குறுக்கே நிற்கும். குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் பை ஒன்று போதும், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அதுதான் சரி.

இனி பேச்சு. இந்தத் தமிழ் நம் தமிழ்தான், ஆனால் சொற்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா, "பிள்ளை சரியான குழப்படியோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். என் மகளுக்கு என்ன குழப்பம் என்று நான் விழித்தேன். குழப்படி என்றால் குறும்பு. "ஆறுதலா வாங்கோ தங்கச்சி" என்றால் மெதுவாக வா என்று அர்த்தம், நமக்கு யாரும் இரங்கல் சொல்லவில்லை. "அன்ரி பேசினவ" என்று ஒரு பிள்ளை சொன்னால் ஆன்ட்டி திட்டினார் என்று பொருள். நாம் பேசுவதை இங்கே கதைப்பது என்பார்கள். கடையில் காய்கறிக்கு மரக்கறி, சர்க்கரைக்குச் சீனி, பிரெட்டுக்குப் பாண், பூண்டுக்கு உள்ளி, வேர்க்கடலைக்குக் கச்சான். பருப்பு என்று மட்டும் கேட்டால் சிவப்பு மைசூர் பருப்புதான் கிடைக்கும், துவரம் பருப்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மிளகாய்த்தூளில் இன்னும் கவனம் வேண்டும்: பல கடைகளில் அது மல்லி, சீரகம் எல்லாம் சேர்த்து வறுத்து அரைத்த கறித்தூள். வெறும் மிளகாய் வேண்டுமானால் தனி மிளகாய்த்தூள் என்று சொல்ல வேண்டும். குழந்தை ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஆட்டோவிலும் பஸ்ஸிலும் சிங்களம் கொஞ்சம் தெரிந்தால் மரியாதையும் கூடும், பயமும் குறையும். எவ்வளவு என்பதற்கு "கீயத", நன்றிக்கு "ஸ்துதி", இறங்க வேண்டும் என்றால் "பஹினவா", இங்கே நிறுத்துங்கள் என்பதற்கு "மெத்தன நவத்தன்ன". இந்த நான்கையும் முதல் வாரமே மனப்பாடம் செய்யுங்கள். ஆட்டோ கூப்பிட போனில் பிக்மி (PickMe) செயலியோ ஊபரோ போட்டுக்கொண்டால் கட்டணத்தில் பேரம் பேச வேண்டியதில்லை. காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டை வரை அடிக்கடி ஓடும், கடலோரத் திடலான காலி முகத்திடலைத் தாண்டித்தான் போகும்.

ஆனால் குழந்தைக்கு மிகப் பிடித்தது ரயில்தான். இங்கே கோச்சி என்பார்கள். வெள்ளவத்தையில் ஏறினால் தெஹிவளை, அடுத்தது கல்கிசை, இரண்டே ஸ்டேஷன். தெற்கே போகும்போது வலப்பக்கம் முழுக்கக் கடல். காலையில் கோட்டை (Fort) ஸ்டேஷன் பக்கம் போவதும் மாலையில் அங்கிருந்து திரும்புவதும் அலுவலகக் கூட்டம், மூச்சுவிட இடமிருக்காது. காலை பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். டிக்கெட்டை இறங்கும் ஸ்டேஷனில் வாங்கிக்கொள்வார்கள், குழந்தை கையில் கொடுத்துக் கிழிய விடாதீர்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: மரைன் டிரைவ், அதை ஒட்டித் தண்டவாளம், அப்பால் பாறை, கடல் என்று வரிசையாக இருப்பதால் மாலையில் குடும்பம் குடும்பமாகத் தண்டவாளத்தைத் தாண்டிப் போவதைப் பார்ப்பீர்கள். அலைச் சத்தத்தில் ரயில் வருவது காதில் விழாது. குழந்தையோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம், கடல் பார்க்கக் காலி முகத்திடல் இருக்கிறது.

காலி முகத்திடலை 1859ல் ஆங்கிலேய ஆளுநர் ஹென்றி வார்ட் அமைத்தார். மரமே இல்லாத வெட்டவெளி என்பதால் ஐந்து மணிக்கு முன்னால் போகாதீர்கள். வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும், ஆகவே ஐந்தேகாலுக்கு அங்கே இருந்தால் பட்டம், காற்று, அஸ்தமனம் மூன்றும் கிடைக்கும். இஸ்ஸோ வடை, அதாவது மேலே முழு இறால் ஒட்டிய பருப்பு வடை, பெரியவர்களுக்கு மட்டும், காரம் அதிகம். குழந்தைக்குச் செவ்விளநீர் போதும்.

வெயிலுக்கு விகாரமகாதேவிப் பூங்காதான் தஞ்சம். பெரிய மரங்கள், நகர மண்டபத்துக்கு எதிரே. அங்கிருந்து நடந்தே தேசிய அருங்காட்சியகம் போகலாம், 1877ல் தொடங்கியது. குழந்தை தூங்கிவிட்டால் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் பார்க்க வேண்டியது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டைக் காட்டுவது, சீனத்துக்கும் பாரசீகத்துக்கும் நடுவே தமிழ். அந்த எழுத்தை அயல் நாட்டில் நின்று பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெஹிவளை மிருகக்காட்சிசாலை ஏற்ற இறக்கமான இடம், பாதிதான் பார்ப்போம் என்று முடிவு செய்துகொண்டு போங்கள். நான் அதைவிட பெத்தகான ஈரநிலப் பூங்காவைச் சிபாரிசு செய்வேன். கொழும்பு 2018ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது இப்படிப்பட்ட சதுப்புகளால்தான். காலையிலேயே போனால் நீர்க்காகம், தாழைக்கோழி, கபரகொயா என்கிற பெரிய நீர் உடும்பு எல்லாம் கண்ணெதிரே. என் மகள் முதலில் சொன்ன சிங்களச் சொல் அந்த கபரகொயாதான்.

மழைக்கணக்கு நம் ஊர்க்கணக்கு இல்லை. மே மாதம் நமக்கு அக்கினி நட்சத்திரம், இங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கும், செப்டம்பர் வரை கடலும் கொந்தளிப்பாக இருக்கும். கல்கிசைக் கடற்கரையில் கால் நனைக்க வேண்டுமானால் டிசம்பர் முதல் மார்ச் வரை. அக்டோபர், நவம்பரில் பிற்பகல் ஆனால் இடியும் மின்னலும், அந்த மாதங்களில் வெளியே போவதைக் காலைக்கு மாற்றிவிடுங்கள்.

மழை என்றால் டெங்கு. பூந்தொட்டித் தட்டு, ஏசி தண்ணீர் விழும் வாளி, ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு இவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கே வந்து பார்ப்பார், கொசுப்புழு இருந்தால் வழக்கு வரும். மகளுக்கு முதல் காய்ச்சல் வந்தபோது ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்தைக் கொடுத்துவிட்டேன். அதில் இபுபுரூஃபன் கலந்திருந்தது, டெங்குவாக இருந்தால் அது ரத்தக்கசிவைக் கூட்டும் என்று மருத்துவர் சொன்னபோது கை நடுங்கிவிட்டது. நல்லவேளை, டெங்கு இல்லை. பாரசிட்டமால் மட்டும், குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவு, அப்புறம் மருத்துவர் சொல்கிறபடி ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம், உடம்பு குளிர்ந்துவிட்டது என்று அலட்சியமாக இருக்காதீர்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். தடுப்பூசி அட்டையை மறக்காமல் கொண்டுவாருங்கள், இந்த நாட்டு அட்டவணை வேறு: எம்எம்ஆர் 9 மாதத்திலும் 3 வயதிலும், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி 12 மாதத்தில். எது விட்டுப்போனது என்று குழந்தை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

பௌர்ணமி தோறும் போயா விடுமுறை. இறைச்சிக் கடையும் மதுக்கடையும் மூடியிருக்கும், பூங்காக்களில் கூட்டம் அள்ளும். மே மாதம் வரும் புத்தர் விழாவான வெசாக்குக்கு மட்டும் கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் போங்கள், பேரே வாவியைச் சுற்றி விளக்குக் கூடுகள், வழியெல்லாம் தன்சல் என்று இலவசச் சாப்பாடு. இருட்டத் தொடங்கும்போதே போய் எட்டு மணிக்குள் திரும்பிவிட்டால் குழந்தையும் தாங்கும். முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் விழா நாளில் செட்டியார் தெருவிலிருந்து தேர் பம்பலப்பிட்டிக்கு வரும்போது காலி வீதி நெரிசலில் திணறும். அன்றைக்கு ஆட்டோ வேண்டாம், ஒரு தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு ஒழுங்கை முனைக்கு நடந்து போய் நில்லுங்கள்.